இரவு பத்து மணிக் கணக்கு: மொட்டைமாடி வெக்கைக்குச் சுண்ணாம்பா, பெயின்ட்டா, கீற்றா, வலையா?

மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் போர்ஷனை மார்கழியில் வந்து பார்த்து, "காற்றோட்டமாக இருக்கிறது" என்று முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் சித்திரை பிறந்ததும் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் இருபத்திரண்டு வருடமாக மேல்மாடியில் குடியிருக்கிறேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. ஆனால் என் தலைக்கு மேல் இருக்கும் தளத்தில் நான் செய்து பார்க்காத வித்தை குறைவு. சுண்ணாம்பு அடித்தேன், கீற்றுப் போட்டேன், சாக்கை நனைத்து விரித்தேன், பச்சை வலை கட்டினேன். ஒரு கோடையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் வாங்கிவந்து டேபிள் ஃபேனுக்கு முன்னால் வைத்தும் பார்த்தேன்.

ஐஸ் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். கணக்குப் போடும் புத்தி எனக்கு அங்கேதான் வந்தது. ஏசிக்குச் சொல்லும் 'ஒரு டன்' அந்தப் பெட்டியின் எடையைக் குறிப்பதில்லை. ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ, அவ்வளவு சூட்டை வெளியேற்றும் திறன் என்று அதற்குப் பொருள். ஏரியில் ஐஸ் வெட்டி விற்ற அமெரிக்கர்களின் அளவு அது. அவர்களுடைய டன் 907 கிலோ. திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது அப்படிக் கப்பலில் வந்த அமெரிக்க ஐஸை வைப்பதற்குத்தான். நான் வாங்கிவந்தது 10 கிலோ. ஒரு டன் ஏசி பதினாறு நிமிடத்தில் முடித்துவிடும் வேலை. மிஞ்சியது ஒரு வாளித் தண்ணீரும், மீன் கவிச்சையும், முன்பைவிட மோசமான புழுக்கமும்.

அதற்குப் பிறகு யார் எந்த யோசனை சொன்னாலும் நான் கேட்பது ஒன்றுதான்: இரவு பத்து மணிக்கு அது என்ன செய்யும்?

## ஏன் பத்து மணி

நம் பக்கத்து வீடுகள் ஒட்டு வீடுகள். இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரோடு சேர்ந்திருப்பதால் வெயில் படுவதற்குச் சுவரே கிடையாது. தலை ஒன்றுதான் காட்டியிருக்கிறோம். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் வெயிலை வாங்கியவுடன் கீழே இறக்காது. நண்பகலில் மேலே வாங்கிய சூடு அடிப்பக்கம் வந்துசேரச் சில மணி நேரம் பிடிக்கும். மாலையில் கடற்காற்று வந்து தெருவில் இருப்பவர்கள் திண்ணையில் உட்கார்ந்து மூச்சு விடும்போது, மேல்மாடியில் ஃபேன் போட்டால் அனல் இறங்குகிறது. தளம் அப்போதுதான் தன் பாக்கியைத் தீர்க்கத் தொடங்கியிருக்கும். நள்ளிரவு தாண்டியும் தீர்த்துக்கொண்டிருக்கும்.

மண்ணடியிலும் ராயபுரத்திலும் மிச்சமிருக்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்குள் மே மாதத்தில் ஒருமுறை போய் நின்று பாருங்கள். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கலைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்டு, கடைசியில் தட்டோடு பதித்த கூரை அது. உயரமும் அதிகம். அந்தத் தடிமனுக்கும் நம் ஐந்து அங்குலத்துக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைத்தான் சுண்ணாம்பாலும் வலையாலும் சரிக்கட்டப் பார்க்கிறோம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, சொன்னபடி, இரவு பத்து மணி. ஸ்டூல் மேல் ஏறி உள்கூரையில் உள்ளங்கையை வையுங்கள். மூன்று எண்ணுவதற்குள் கையை எடுக்கத் தோன்றினால் தளம் இன்னும் கொதிக்கிறது. கொரோனா காலத்தில் வாங்கி வீட்டில் கிடக்கும் நெற்றி வெப்பமானியை நம்ப வேண்டாம். அது காய்ச்சல் பார்க்கச் செய்தது, அதன் எல்லையைத் தாண்டிய சூட்டுக்கு எண்ணே காட்டாது.

இரண்டாவது, தண்ணீர். அடிபம்பில் வரிசை நின்று, மூன்று மாடி குடம் சுமக்கும் வீட்டுக்குத் தண்ணீர் கேட்கும் யோசனை எதுவும் மலிவானதல்ல.

மூன்றாவது, நம் ஊர்க் காற்று. உப்பு இரும்பைத் தின்னும். புகையும் கரியும் வெள்ளையை மங்கவைக்கும். 2011ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றபிறகு ராயபுரம் பக்கம் மாடிகளில் கரி படிவது குறைந்தது. எண்ணூர், மணலிப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த நிம்மதியும் இல்லை. இதோடு மழை: சென்னைக்கு வருடம் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் கொட்டிவிடுகிறது. கோடைக்குச் செய்தது எதுவும் அந்த மூன்று மாதத்தைத் தாங்கவேண்டும், அல்லது அதற்குமுன் கழற்றிவைக்கும்படி இருக்கவேண்டும்.

நான்காவது, மாடி யாருடையது. வெக்கை மேல்வீட்டுக்கு, மாடி எல்லோருக்கும். வடகம் காயவைப்பவர், துணி உலர்த்துபவர், கேரம் ஆடும் பிள்ளைகள், கோடையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் என்று ஆறு குடித்தனம் அதில் புழங்கும்.

ஐந்தாவது, தீப்பிடிப்பதும் கீழே விழுவதும். விலையை ஆறாவதாக வைத்திருக்கிறேன். முதல் ஐந்தையும் பார்க்காமல் மலிவு என்று வாங்கியதெல்லாம் எனக்கு இரட்டைச் செலவாகத்தான் முடிந்திருக்கிறது.

## சுண்ணாம்பு

இதைப் பற்றி அதிகம் சொல்வேன். ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இதைத் தப்பாக அடித்துவிட்டு, பயனில்லை என்கிறார்கள்.

வெறும் பழைய கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த தளம் முக்கால் பங்கு வெயிலை வந்த வழியே திருப்பி அனுப்பும். குடிக்காத வெயிலை இரவில் கக்கவேண்டியதில்லை. அகமதாபாத் மாநகராட்சி 2013ல் கோடை வெப்பத்துக்கென்று தனிச் செயல்திட்டம் வகுத்தது. 2017ல் அங்கே ஏழைகள் குடியிருக்கும் பகுதிகளில் கூரைகளுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கினார்கள். இப்படிச் செய்தால் அறைக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறையும் என்று சொல்வது வழக்கம். என் வீட்டில் கிடைத்தது இரண்டை ஒட்டித்தான். இரண்டு டிகிரி அற்பம் என்று நினைப்பவர்கள் மேல்மாடியில் படுத்ததில்லை.

அடிக்கும் முறை இது. கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்குங்கள். சுட்ட சுண்ணாம்பாக இருந்தால் தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளைக் கீழே அனுப்பிவிடுங்கள், பிளாஸ்டிக் வாளியில் நீற்றாதீர்கள். ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் பழைய வேட்டியில் வடிகட்டுங்கள். பதம் பால் போல இருக்கவேண்டும். தயிர் போலக் கெட்டியாக ஒரே தடவையில் அடித்துவிட்டு "உரிந்துவிட்டது" என்பவர்கள்தான் அதிகம். அந்தக் காலத்தில் பிடிப்புக்கு அரிசிக் கஞ்சி சேர்த்தார்கள். இப்போது வெள்ளைச் சிமெண்டும் தச்சர் பசையும் சேர்க்கிறார்கள். இரண்டாவது முறை நீடித்து நிற்கிறது.

தளத்தைக் கூட்டி, கழுவி, ஈரம் இருக்கும்போதே மாலை நான்கு மணிக்குமேல் அடிக்கவேண்டும். உச்சிவெயிலில் அடித்தால் இறுகுவதற்குமுன் காய்ந்து மாவாகிவிடும். முதல் பூச்சு கிழக்கு மேற்காக, இரண்டாவது வடக்குத் தெற்காக, முடிந்தால் மூன்றாவதும். மறுநாள் காலை லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். காற்றை உள்வாங்கித்தான் சுண்ணாம்பு கல்லாகிறது. அதற்கு ஈரம் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள் இரண்டு. ஒன்று, மழைநீர்த் தொட்டி. 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்பதால் பல வீடுகளில் மாடிக் குழாய் நேராகக் கீழே இறங்குகிறது. அது சம்ப்புக்குள் போகும் வீடாக இருந்தால், முதல் மழையைத் திருப்பிவிட மறந்தவர்கள் சுண்ணாம்புத் தண்ணீரில் குளிப்பார்கள். இன்னொன்று, பூச்சு ஒரு மழைக்காலத்துக்கு மேல் நிற்காது. வருடா வருடம் மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு எழுதிக் கொடுத்துவிடவேண்டும்.

துணியில் வெள்ளை ஒட்டுகிறது என்ற சண்டையும் வரும். கொடியை உயர்த்திக் கட்டினால் தீரும் சண்டை அது.

## கூல் ரூஃப் பெயின்ட்

ரப்பர் போல இழுபடும் அக்ரிலிக் பூச்சு. வேலை சுண்ணாம்பு செய்யும் அதே வேலைதான். செலவு பல மடங்கு. பல வருடம் நிற்கும் என்பதும், நல்லதாக இருந்தால் சிறிய விரிசலை மூடி ஒழுக்கையும் நிறுத்தும் என்பதும் கூடுதல் லாபம். தெலங்கானா அரசு 2023ல் இதற்கென்றே 'கூல் ரூஃப்' கொள்கை ஒன்றை வெளியிட்டு, 2028க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரையைக் குளிர்ச்சியாக்கும் இலக்கு வைத்திருக்கிறது.

டப்பாவின் மேல் 'கூல்' என்று எழுதியிருப்பதை வைத்து வாங்காதீர்கள். கேட்கவேண்டியவை இரண்டு எண்கள்: வெயிலைத் திருப்பும் அளவு, வாங்கிய சூட்டை வெளியே விடும் அளவு. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு எரிசக்திச் சிக்கனக் கட்டட விதிகள் கூல் ரூஃப் என்று ஏற்பது முதலாவது 0.6க்கும் இரண்டாவது 0.9க்கும் குறையாமல் இருந்தால்தான். சிலர் இரண்டையும் சேர்த்து எஸ்ஆர்ஐ என்று ஒரே எண்ணாகச் சொல்வார்கள். நல்ல வெள்ளைப் பூச்சில் அது நூறைத் தொடும். கடைக்காரர் எண் சொல்லாமல் "சார், இதுதான் எல்லோரும் வாங்குகிறார்கள்" என்றால் அது சுவருக்கு அடிக்கும் வெள்ளையாக இருக்க வாய்ப்புண்டு. நான் ஒருமுறை அப்படி வாங்கினேன். அடுத்த ஐப்பசியில் பாம்பு சட்டை உரித்ததுபோல நீளநீளமாகக் கையோடு வந்தது. தப்பில் பாதி என்னுடையது: தளத்தில் ஈரம் இருக்கும்போதே அடித்திருந்தேன். சுண்ணாம்புக்கு ஈரம் நல்லது, பெயின்ட்டுக்கு ஈரம் பகை. பாசியைச் சுரண்டி, விரிசலை அடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு, பனி விலகிய பிப்ரவரி மார்ச்சில்தான் அடிக்கவேண்டும்.

ஒரு லிட்டர் இத்தனை சதுர அடிக்கு வரும் என்று எழுதியிருப்பது வழவழப்பான பரப்புக்கு. நம் சொரசொரப்பான தளம் அதைவிட அதிகம் குடிக்கும். ஒரு டப்பா கூடுதலாகவே வாங்கிவையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, பங்குனி வருவதற்குமுன், சோப்புத் தண்ணீரும் தென்னந்துடைப்பமும் கொண்டு கரியைக் கழுவவேண்டும். கரி படிந்த விலை உயர்ந்த பெயின்ட்டைவிடக் கழுவிய சுண்ணாம்பு மேல். ஈரத்தில் வழுக்கும் என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவையுங்கள்.

வாடகைக்கு இருப்பவர் தன் கையிலிருந்து இதைச் செய்வது எனக்குச் சம்மதமில்லை. வீடு குளிர்ந்ததும் "வீடு நன்றாகத்தானே இருக்கிறது" என்று அடுத்த வருடம் வாடகை ஏறிய கதைகள் உண்டு. வாடகையில் கழித்துக்கொள்ள ஒப்பந்தம் எழுதிக்கொண்டு செய்யலாம்.

வெள்ளை ஓடு பதிப்பது இதே வேலையின் நிரந்தர வடிவம். சொந்த வீடு, தளம் எப்படியும் ஒழுகுகிறது, ஒருமுறை செலவழித்துவிடலாம் என்றால் அதுவே சரி. தளம் அந்த எடையைத் தாங்குமா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

## கீற்று

சுகத்தில் இதற்கு ஈடு இல்லை. சவுக்குக் கழி நட்டு, ஆள் உயரத்துக்குமேல் தென்னங்கீற்று வேய்ந்தால் தளத்தில் வெயிலே படாது. மாடியில் ஒரு கூடமே கிடைத்துவிடும். என் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சைப் படிப்பு முழுக்க அந்தக் கீற்றுக்கு அடியில்தான் நடந்தது. இரவு பத்து மணிக்குக் கூரையைத் தொட்டால் சுவரைத் தொட்டதுபோல இருந்தது.

இருந்தும் வேண்டாம் என்பேன். தீபாவளிக்கு முந்தைய இரண்டு நாளும் நான் வாளியும் கையுமாக மாடியில் நின்று கீற்றை நனைத்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ வந்த ராக்கெட் ஒன்று அடுத்த மாடித் தண்ணீர்த் தொட்டியில் மோதி அணைந்ததைப் பார்த்த இரவில் தீர்மானித்தேன். வீடுகள் தோளோடு தோள் நிற்கும் தெருவில் ஒரு கீற்றுப் பற்றினால் அது ஒரு வீட்டோடு நிற்காது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைக் கொண்டுபோன பள்ளித் தீ, கீற்றுக் கூரையில் பரவிய தீதான். எலி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் செலவு, மழையில் ஊறிய ஓலையின் வாடை என்பவையெல்லாம் அதற்கு அப்புறம்.

## பச்சை வலை

கீற்று தரும் நிழலில் முக்கால் பங்கை, அந்த அளவு பயமில்லாமல் தருவது இது. நர்சரிகளில் கட்டும் அதே வலை. 50, 75, 90 சதவீத நிழல் என்று விற்கிறார்கள். செடிக்கு ஐம்பது போதும், தளத்துக்கு 75க்குக் குறையாமல் வாங்குங்கள்.

இதில் பலர் செய்யும் தவறு வலையைத் தரையோடு விரித்துவிடுவது. அப்போது வலை காய்ந்து, அந்தச் சூடு நேராகத் தளத்துக்கு இறங்கும். இடையில் காற்று ஓடவேண்டும். குறைந்தது முழங்கால் உயரம், முடிந்தால் தலைக்குமேல்.

இரண்டாவது தவறு, கட்டியதை அப்படியே விட்டுவிடுவது. பகலில் சூட்டைத் தடுக்கும் அதே வலை இரவில் தளம் வானத்தைப் பார்த்து ஆறுவதையும் ஓரளவு தடுக்கும். எங்கள் தெருவில் விசைப்படகுக்குப் போய்வரும் ஒரு அண்ணன் இதற்குச் செய்த வேலையைப் பார்த்துத்தான் நான் என் வலையைக் கழற்றித் திரும்பக் கட்டினேன். இரண்டு கைப்பிடிச் சுவருக்கும் இடையில் நைலான் கயிறுகளை விறைப்பாக இழுத்துக் கட்டினார். வலையின் ஓரத்தில் அடிக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் வளையம் கோத்து, கயிற்றில் திரைச்சீலை போல ஓடவிட்டார். காலை எட்டு மணிக்கு ஒரு இழுப்பு, சூரியன் சாய்ந்ததும் இன்னொரு இழுப்பு. கயிறு படகில் கழித்துப்போட்டது. இரும்பு கிடையாது, அதனால் துருவும் கிடையாது. முடிச்சைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புயல் அறிவிப்பு வந்தால் ஐந்து நிமிடத்தில் மொத்தமும் சுருண்டு மூலைக்குப் போய்விடும்.

அந்த ஐந்து நிமிடம் முக்கியம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது எங்கள் பக்கத்தில் கழற்றாத வலை ஒன்று பாய்மரமாகி, நட்டிருந்த குழாயையும் பெயர்த்துக்கொண்டு மின்கம்பியில் போய்த் தொங்கியது. ஐப்பசி பிறந்தால் வலை வீட்டுக்குள் இருக்கவேண்டும்.

## ஈரச் சாக்கு

இதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள்: "இரண்டு சாக்கை நனைத்துப் போடு, ஏசி மாதிரி இருக்கும்." பொய்யில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். மே மாத வெயிலில் ஒரு சதுர மீட்டர் ஈரச் சாக்கு நாளைக்கு ஆறேழு லிட்டரைக் குடிக்கும். 300 சதுர அடி மாடி என்பது 28 சதுர மீட்டர். ஆக 170 முதல் 200 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் பன்னிரண்டு பதின்மூன்று குடம், தினமும், மூன்று மாடி ஏற்றி. அதைச் சுமப்பது யார் என்பதும் எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். யோசனை சொல்பவர் பெரும்பாலும் அவர் இல்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நனைக்க மறந்தால் காய்ந்த சாக்கு வெறும் சாக்குதான். தொடர்ந்து ஈரம் நின்றால் விரிசல் வழியாகக் கம்பிக்கு இறங்கும். உப்புக்காற்றில் ஏற்கெனவே அரைகுறையாக இருக்கும் கம்பி அது. காய்ச்சல் கண்டவரோ கைக்குழந்தையோ வீட்டில் இருக்கும் இரண்டு மூன்று நாளைக்கு மட்டும் செய்யலாம்.

ஒரு இடத்தில் மட்டும் சாக்குக்கு என் முழு ஓட்டு உண்டு: கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. அதைச் சுற்றிச் சாக்கோ பழைய பாயோ கட்டிவிட்டால், நனைக்காமலே, மதியம் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியும்.

## செடியும் பானையும்

மாடித் தோட்டம் நல்ல பொழுதுபோக்கு. வெக்கைக்கு அதை நம்பவேண்டாம். தொட்டிகள் நிழலிடும் பரப்பு கொஞ்சம். மாடி முழுக்க அரை அடி மண் போட்டால் குளிரும்தான். ஈரமண் சதுர மீட்டருக்கு 250 கிலோ வரும். பழைய தளத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கி, மேலே சுண்ணாம்புக் கலவை போடும் பழைய முறை அருமையான யோசனை: பானைக்குள் அடைபட்ட காற்றே காப்பு. கொசப்பேட்டையில் பானைக்குப் பஞ்சமில்லை. புதுவீடு கட்டுபவர்கள் பொறியாளரிடம் கேட்கலாம். கட்டிய வீட்டில் எடை இடிக்கும்.

## ஷீட் வீடு

மேலே சொன்னதெல்லாம் கான்கிரீட்டுக்கு. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, எண்ணூர்ப் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியில் இருப்பவர்களின் சிக்கல் வேறு. மெல்லிய ஷீட் சூட்டைச் சேர்த்துவைக்காது, வாங்கியதை அப்போதே தலையில் இறக்கும். அவர்களுக்குச் சோதனை நேரம் இரவு பத்து இல்லை, மதியம் இரண்டு.

இங்கே முதல் விதி, ஷீட்டின் மேல் ஏறி நடக்காதீர்கள். பழைய ஷீட் சொல்லாமல் உடையும். ஆணி வரிசையின் மேல் பலகை போட்டு, பலகையின் மேல் இருந்துதான் வேலை. இரண்டாவது, கம்பி பிரஷ் கொண்டு தேய்க்கவோ, அறுக்கவோ கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் நார்த்தூள் நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. தண்ணீர் விட்டு மென்மையாகக் கழுவி, அதன்மேல் வெள்ளைப் பூச்சு அடித்தால் சூடும் குறையும், நாரும் ஓரளவு கட்டுப்படும்.

பழைய ஃபிளெக்ஸ் பேனரைக் கூரைமேல் விரிப்பது நம் ஊரின் சொந்தக் கண்டுபிடிப்பு. எந்தத் தலைவரின் பிறந்தநாள் எந்தக் கூரையில் கிடக்கிறது என்று மேம்பாலத்திலிருந்தே பார்க்கலாம். விரிக்கும்போது தலைவரைக் கீழ்நோக்கித் திருப்புங்கள், வெள்ளை முதுகு மேலே வரட்டும். முதுகு கறுப்பாக இருக்கும் வகையென்றால் தலைவரே மேலே இருக்கட்டும். கறுப்பு கூடவே கூடாது. பழைய மீன்வலையை அதன்மேல் போர்த்தி ஓரத்தில் கட்டினால் ஆடிக்காற்றுக்குப் பறக்காது. அடுப்புப் புகைக்கூண்டுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

ஷீட்டுக்கு உள்பக்கம் தெர்மாகோல் ஒட்டுவதும் பரவலாக நடக்கிறது. மதியச் சூட்டை அது நன்றாகவே தடுக்கும். ஆனால் தாழ்ந்த கூரை, அடியில் அடுப்பு, மின்வயர். பற்றினால் உருகிச் சொட்டும், கறும்புகை நிமிடத்தில் அறையை நிறைக்கும். காசிமேட்டில் சும்மா கிடைக்கும் மீன்பெட்டித் தெர்மாகோலைக் கூரைக்குள் அடுக்கிய வீட்டை எனக்குத் தெரியும். பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. சமையல் வெளியே நடக்கும் வீடு தவிர வேறு எங்கும் இதைச் சொல்லமாட்டேன்.

## ஏசி

வெக்கையைத் தடுக்காமல் காசு கொடுத்து வெளியே தள்ளும் வழி. வேண்டாம் என்று சொல்லும் துணிவு 45 டிகிரியைப் பார்த்த ஊரில் யாருக்கும் இருக்காது. 2003 மே மாதக் கடைசியில் நுங்கம்பாக்கத்தில் அந்த அளவு பதிவானது. ஒரு டன் ஏசி இரவு எட்டு மணி நேரம் ஓடினால் ஐந்து யூனிட் பக்கம் ஆகும். இரண்டு மாதத்துக்கு 300. ஏற்கெனவே 250 ஓடும் வீடு 500ஐத் தாண்டிவிடும். தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்லாமல் அதற்குக் கீழே சலுகை விலையில் வந்த யூனிட்டுக்கும் விலை ஏறும் என்பதுதான் முதல் மின்கட்டணத்தில் பலர் அதிர்ந்துபோவதற்குக் காரணம். கொதிக்கும் தளத்துக்கு அடியில் ஏசி போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது. சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போடுங்கள்.

தண்ணீர் ஊற்றும் ஏர்கூலர், வறண்ட காற்றுள்ள வடநாட்டுக்கு. கடற்கரை ஊரில் அது ஃபேனோடு சேர்ந்த புழுக்கம்.

## ஒரே பார்வையில்

| வழி | இரவு பத்து மணிக்கு | தண்ணீர் | எவ்வளவு காலம் | கவனம் |
|---|---|---|---|---|
| சுண்ணாம்பு | நல்ல பலன் | அடிக்கும் நாளில் மட்டும் | ஒரு கோடை | கண், மழைநீர்த் தொட்டி |
| கூல் ரூஃப் பெயின்ட் | நல்ல பலன் | வருடம் ஒரு கழுவல் | சில வருடம் | ஈரத்தளம், போலி வெள்ளை |
| கீற்று | மிக நல்ல பலன் | தீபாவளிக்கு நனைக்க | இரண்டு வருடம் | தீ |
| பச்சை வலை | நல்ல பலன், சுருட்டினால் இன்னும் | இல்லை | சில கோடை | புயல் |
| ஈரச் சாக்கு | நனைத்தவரை நல்ல பலன் | தினம் 12 குடம் | அந்தந்த நாள் | கம்பி அரிப்பு |
| தெர்மாகோல் | ஷீட்டுக்கு மதியத்தில் பலன் | இல்லை | சில வருடம் | தீ, புகை |
| ஏசி | ஓடும்வரை | இல்லை | பல வருடம் | 500 யூனிட் |

## யாருக்கு எது

பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருக்கும் வாடகைக்காரருக்குச் சுண்ணாம்பும், ஓடும் வலையும். காலி செய்யும்போது வலையைக் கயிறோடு சுருட்டிக்கொண்டு போகலாம். கைப்பிடிச் சுவரில் துளை போடாமல் கட்டினால் வீட்டுக்காரரிடம் பேச்சும் இல்லை.

சொந்த வீடும் மாடியில் ஒழுக்கும் சேர்ந்திருந்தால் யோசிக்காமல் பெயின்ட், அல்லது வெள்ளை ஓடு. ஒழுக்குக்கு எப்படியும் செலவு செய்யத்தான் போகிறீர்கள். வெக்கை கூடவே தீரும்.

குடியிருப்பு வாரிய அடுக்ககத்தின் கடைசி மாடியில் இருப்பவர்களுக்குத்தான் தர்மசங்கடம். கீழ் மூன்று மாடிக்கும் வெக்கை கிடையாது, ஆனால் மாடியில் கை வைக்க அவர்கள் சம்மதம் வேண்டும். "வெயில்" என்று பேச்சைத் தொடங்காமல் "தளம் ஊறி விரிசல் விடுகிறது, கம்பி துருப்பிடித்தால் எல்லா வீட்டுக்கும்தான்" என்று தொடங்குங்கள். பொய்யும் இல்லை, கூட்டம் சீக்கிரம் முடியும்.

வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு முதியவர் இருந்தால் ஒன்றோடு நிறுத்தாதீர்கள். சுண்ணாம்பு, அதன்மேல் வலை, பொழுது சாய்ந்ததும் ஜன்னலில் டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்து அறைச் சூட்டை வெளியே தள்ளுவது, மூன்றும் சேர்த்து. அதற்கு மேலும் உள்ளங்கை சுட்டால் ஏசி வாங்குவதில் தப்பேயில்லை.

என் மாடியில் இப்போது சுண்ணாம்பும் ஓடும் வலையும் இருக்கின்றன. எதிர்வீட்டு அக்கா மட்டும் வெள்ளைத்தளம் தன் சமையலறைக்குள் வெயிலைத் திருப்பிவிடுகிறது என்று இரண்டு வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நியாயம்தான், எதிரே உயரமான வீடு இருந்தால் அந்தக் கூச்சமும் நம் கணக்கில் சேரும். போன மாசியில் மிஞ்சிய அரை வாளிச் சுண்ணாம்பை அவர் மாடிக்கே எடுத்துக்கொண்டுபோய் அடித்துக் கொடுத்தேன். இந்த வருடம் எனக்குமுன் அவரே சுண்ணாம்பு ஊறவைத்துவிட்டு, வடிகட்ட வேட்டி கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்.